கனதொலுவவில் கற்றவர் யார்? மாணவர் சிரமதானத்தின் தொடக்கம் குறித்த ஒரு மறுவாசிப்பு

இலங்கை மாணவர் சமூகசேவையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1958 டிசெம்பரில் தொடங்குவர். கொழும்பு நாலந்தா கல்லூரியின் இளம் ஆசிரியர் ஏ.ரி. ஆரியரத்ன, ஏறத்தாழ நாற்பது மாணவரையும் பன்னிரண்டு ஆசிரியரையும் கூட்டிக்கொண்டு கனதொலுவ என்ற ரொடியர் ஊருக்குப் போனார். சிங்களச் சாதி அடுக்கில் தீண்டத்தகாதோராக ஒதுக்கப்பட்டவர்களின் ஊர் அது. பாடசாலை விடுமுறையில் நடந்த அந்த முகாமிலிருந்துதான் சர்வோதய சிரமதான இயக்கம் வளர்ந்தது. அது எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்த முகாம் யாருக்காக நடந்தது என்பதில்தான் கருத்து வேறுபாடு.

ரிச்சர்ட் கோம்பிரிச்சும் கணநாத் ஒபேசேகரவும் பௌத்தத்தின் மாற்றங்கள் பற்றி 1988இல் வெளியிட்ட நூலில் சர்வோதயத்துக்குக் கடுமையான ஒரு வாசிப்பைத் தந்தார்கள். நகர்ப்புற நடுத்தர வர்க்கம் தன் விழுமியங்களைக் கிராமத்தின் மேல் ஏற்றிப் பார்க்கிறது. பூசலற்ற, ஒன்றுகூடி உழைத்த பழங்கிராமம் என்ற கற்பனையை உண்டாக்கி, அதை மீட்பதாகச் சொல்கிறது என்பது அவ்வாசிப்பின் சாரம். அதன்படி மாணவர்கள் அந்தக் கற்பனையைச் சுமந்து போன தூதர்கள். இன்றுவரை இவ்வாசிப்பே மேலோங்கி நிற்கிறது. அது எளிதில் ஒதுக்கக்கூடியதும் அன்று. 1960களின் பிற்பகுதியில் நூறு கிராமத் திட்டம் தொடங்கி, 1972இல் நாடாளுமன்றச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்டு, வெளிநாட்டு உதவியுடன் பெருத்துவிட்ட ஓர் இயக்கத்துக்கு அது பெரிதும் பொருந்துகிறது.

ஆனால் வளர்ந்த இயக்கத்தைப் பார்த்து எழுதிய ஒன்றை அதன் முதல் முகாமின் மேல் பின்னோக்கிப் போர்த்தலாமா? எனது மறுப்பு இவ்விடத்தில்தான். பழங்கிராமத்தின் இணக்கத்தை மெச்சப் போகிறவர், அந்த இணக்கம் பொய் என்று காட்டுகிற ஊரை ஏன் தெரிவு செய்ய வேண்டும்? ரொடியரின் வீட்டில் தண்ணீர் குடிக்கவும் அயலார் தயங்கிய காலம் அது. கிராமம் ஒரு குடும்பம் என்ற எண்ணத்தோடு போன மாணவனுக்கு, கிணறு வெட்டிய முதல் நாளிலேயே அந்த எண்ணம் உடைந்திருக்கும். ஒதுக்கப்பட்டோரைக் ‘கைதூக்கிவிடுவதும்’ நடுத்தர வர்க்கத்தின் பழைய ஆசைதானே என்று கோம்பிரிச்–ஒபேசேகர தரப்பில் பதில் சொல்லலாம். அதில் நியாயமுண்டு. எனினும் அது வேறு குற்றச்சாட்டு. பழங்கிராமக் கற்பனை என்ற குற்றச்சாட்டை அது காப்பாற்றாது.

இங்கே ஒரு பாடபேதத்தின் மேல் கொஞ்சம் நிற்க வேண்டும். சில ஆங்கில விவரிப்புகளில் ஊரின் பெயர் கனதொலுவ என்றில்லாமல் ‘கத்தலுவ’ என்று வருகிறது. வெறும் எழுத்துப்பிழை என்று இதுவரை கடந்து போயிருக்கிறார்கள். கத்தலுவ என்பது காலிக்குக் கிழக்கே கடற்கரையோரம் உள்ள, பூர்வாராம விகாரையின் சுவரோவியங்களால் அறியப்பட்ட ஊர். ஆரியரத்ன பிறந்த உணவட்டுனவும் அதே கரையில்தான். கனதொலுவவோ உள்நாட்டில், குருநாகல் பக்கம். தென்கரைப் பெயரை ஏற்றால், நகரத்துக்குப் போய்ப் படித்து ஆசிரியரான ஒருவர் தன் பிறந்த மண்ணுக்குத் திரும்பி நன்மை செய்த கதையாக இது மாறிவிடும். கோம்பிரிச்–ஒபேசேகர வாசிப்புக்கும் அது வசதியாக அமையும். கனதொலுவவை ஏற்றால், ஆசிரியரும் மாணவரும் ஒரே அளவுக்கு அந்நியராகப் போன இடமாகிறது. இயக்கத்தின் சொந்த விவரிப்புகள் கனதொலுவ என்றே சொல்வதாலும், ரொடியர் ஊர் என்ற குறிப்பு அப்பெயரோடு உறுதியாக ஒட்டி வருவதாலும் நான் அதையே கொள்கிறேன். பிழை எப்படி நுழைந்தது என்பதற்கு ஊகம் மட்டுமே உண்டு: நிறுவுநரின் தென்கரைப் பிறப்பை அறிந்த யாரோ ஒருவரின் கை பழகிய பெயரை எழுதியிருக்கலாம்.

இந்தப் பேதம் வருகிற விவரிப்பு ஒன்று, பயணத்தை ஒரு கல்விப் பரிசோதனை என்று பெயரிடுவது வேடிக்கை. ஊரின் பெயரைத் தவறவிட்டாலும் நோக்கத்தை அது சரியாகப் பிடித்திருக்கிறது. பரிசோதனைக்கு உட்பட்டவர்கள் மாணவர்கள். 1930களில் கல்வி அமைச்சர் கன்னங்கரா ஹந்தெஸ்ஸவில் ஊக்குவித்த கிராமியக் கல்வித் திட்டத்தோடு ஒப்பிட்டால் இது துலங்கும். அங்கே பிள்ளை தன் ஊரிலிருந்தே தொழிலும் விவசாயமும் கற்றது. இங்கே பிள்ளை தனக்குத் தெரியாத ஊருக்குக் கொண்டு போகப்பட்டது. பிற நாடுகளின் ஒத்த முயற்சிகளுக்கும் இது முந்தியது. ‘சேவைவழிக் கற்றல்’ என்ற பெயரை அமெரிக்கக் கல்வியாளர்கள் 1960களின் நடுப்பகுதிக்குப் பின்னரே புழக்கத்துக்கு விட்டார்கள். இந்தியாவின் நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது 1969இல்.

சான்று மெலிந்தது என்பதை மறைக்கவில்லை. முகாமைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி நிறுவுநரும் இயக்கமும் பிற்காலத்தில் சொன்னவை. அது எத்தனை நாள் நீடித்தது என்பதிலும் விவரிப்புகள் ஒத்துப்போவதில்லை. பாடசாலைப் பயிற்சி எந்த வருடத்தில் இயக்கமானது என்பதற்கு ஒற்றைத் திகதி கொடுக்க முடியாது. 1958 பின்னால் சூட்டப்பட்ட பிறந்தநாள். இப்படி இருந்தும், ஊர்த் தெரிவு என்ற ஒரு செய்தி மட்டுமே என் வாதத்தைத் தாங்கும் என நினைக்கிறேன்.

கரையோர அம்பாறையிலிருந்து எழுதுகிற ஒருவருக்கு இந்த விவாதம் தூரத்து விஷயம் அன்று. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் பெரியநீலாவணையும் மருதமுனையும் பாண்டிருப்பும் சேவை பெறுகிற ஊர்களாகின. கனதொலுவவின் இடத்தில் நாங்கள் நின்றோம். பெயர்ப்பலகையை முதலில் நட்டுவிட்டு வேலையைப் பிறகு தொடங்கிய நிறுவனங்களைப் பார்த்தபோது, கோம்பிரிச்சும் ஒபேசேகரவும் சொன்னதில் எவ்வளவு உண்மை என்பதும் விளங்கியது. பெறுகிறவரின் பக்கத்திலிருந்து அவர்களை மறுப்பது கடினம்.

இன்று எங்கள் பாடசாலைகளில் சிரமதானம் என்றால் பெரும்பாலும் சொந்த வளவைக் கூட்டுவது, கானைத் துப்புரவாக்குவது, டெங்குக் காலத்தில் சிரட்டை பொறுக்குவது. தேவையான வேலைதான், ஆனால் யாரும் எல்லை தாண்டுவதில்லை. பெரியநீலாவணையில் தமிழர் குறிச்சியும் முஸ்லிம் குறிச்சியும் மட்டக்களப்பு–கல்முனை வீதியில் அடுத்தடுத்து இருக்கின்றன. அப்படியிருந்தும் இரு தரப்புப் பிள்ளைகளும் சேர்ந்து முகாமிட நாள் பார்ப்பதே பாடு. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்புக்கால விடுமுறையோடு தனித் தவணை அட்டவணை. மற்றப் பாடசாலைகளுக்கு வேறொன்று. 1958இல் ஒரு முகாமுக்கு இடம் கொடுத்தது விடுமுறை. இங்கே பிரித்து வைப்பதும் அதே விடுமுறை. கல்முனை வலயத்தில் இரு அட்டவணைக்கும் பொதுவாக ஒரு வாரத்தையாவது ஒதுக்கும்வரை, சேவைவழிக் கற்றல் பற்றிய சுற்றுநிருபங்களால் ஆகப்போவது அதிகமில்லை என்பது என் கணிப்பு.

கனதொலுவவுக்குப் போன மாணவர்களில் இன்று உயிரோடிருப்போர் எண்பதைக் கடந்திருப்பர். ஆரியரத்ன 2024 ஏப்ரலில் காலமானார். வாய்மொழிப் பதிவுக்கு இனி நீண்ட அவகாசம் இல்லை. எங்கள் பகுதியில் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் சிரமதானம் நடந்திருந்தால், அதற்கான எழுத்துச் சான்றை அதிபர்களின் சம்பவத் திரட்டுப் புத்தகங்களில் தேடலாம். அலுமாரி துப்புரவாக்கும்போது அந்தப் பழைய புத்தகங்களை எரித்துவிட வேண்டாம் என்று அதிபர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.