ஓரடி விக்ராந்த்

சுமார் 700 அடி நீளமுள்ள விமானந்தாங்கிக் கப்பலை 700இல் ஒரு பங்காகக் குறைத்தால் ஓரடியாகும். அவ்வளவில், பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி, ‘விக்ராந்த்’ கப்பலின் மாதிரியை என் பேரனோடு அமைத்தேன். தளத்தின் வெள்ளைக் கோடு படத்தில் சாய்ந்திருத்தல் அச்சுப் பிழை என்றெண்ணி, நேராகத் தீட்டிவிட்டேன். “படம் சரிதான், தாத்தா” என்றான் அவன். நூல்களைப் புரட்டினேன், பிழை என்னுடையதே.

இரண்டாம் உலகப் போருக்கென 1943இல் பிரிட்டனில் கட்டத் தொடங்கி, போர் முடிந்தபின் குறையாகவே கிடந்த கலம் அது. 1957இல் இந்தியா அதனை விலைக்கு வாங்கியது. அதற்குள் ஜெட் விமானங்கள் வந்துவிட்டன. தளத்தின் குறுக்கே கட்டிய கம்பியைக் கொக்கியால் பற்றத் தவறிய விமானம், முன்னே நிற்பவற்றின்மீது மோதாமல் மீண்டும் எழ வேண்டுமல்லவா? ஆகவே பெல்பாஸ்டு நகரில் சாய்வுத்தளம் அமைத்தனர். 1961இல் கடற்படையிற் சேர்ந்த அக்கப்பல், 1971ஆம் ஆண்டுப் போரில், கொதிகலன் ஒன்று பழுதுற்றிருந்தும் வங்கக் கடலில் பணியாற்றியது. 1997இல் ஓய்வுபெற்றது, பின்னர் மும்பையில் காட்சிச்சாலையாக விளங்கியது, 2014இல் உடைக்கத் தொடங்கினர். பெயர் மட்டும் 2022இல் புதிய கப்பலுக்குச் சென்றது.

பழைய கலம் இன்றில்லை. ஆதலின் கோட்டைச் சுரண்டி, சாய்வாகவே மீண்டும் தீட்டினேன். எஞ்சிய உருவிலேனும் பிழை இருத்தலாகாது அன்றோ?