கண்ணில் விழும் பூ

தமிழகத்துச் சிற்றூர்களில் ‘கண்ணில் பூ விழுந்துவிட்டது’ என்று கூறும் வழக்கு நெடுங்காலமாக உண்டு. கருவிழியின் நடுவே பால் தெறித்தாற்போல் நிலைத்துவிடும் வெண்தழும்பையே அச்சொல் பெரும்பாலும் குறிக்கும். புண் ஆறிய பின்னும் பார்வையை மறைத்து நிற்பது இத்தழும்புதான். வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களில் தலைமுறை தலைமுறையாக நெல் விளைவித்து வரும் தமிழ்ச் சமணக் குடும்பங்களில், கதிரடிக்கும் களத்தில் சுணை தெறித்துக் கண்ணைக் கசக்கியவர் ஒருவரையேனும் அறியாத பெரியோர் இருத்தல் அரிது.

கருவிழியில் இரத்தக் குழாய்கள் இல்லை. ஆதலின் அது கண்ணாடிபோல் தெளிவாக இருக்கிறது. அக்காரணத்தாலேயே உடலின் காவற்படை அங்கே விரைந்து சென்று சேர்வதும் அரிதாகிறது. மேற்படலம் முழுமையாக இருக்கும்வரை பெரும்பாலான கிருமிகளால் உள்ளே புக இயலாது. சுணையோ, வைக்கோல் துரும்போ, கரும்புத் தோகையோ கீறிவிட்டால் வாயில் திறந்துவிடுகிறது. செடிகொடிகளிலும் மண்ணிலும் வாழும் பூஞ்சை அத்துரும்போடு சேர்ந்தே உள்ளே செல்கிறது.

இதனை முதன்முதலில் மருத்துவ உலகுக்கு எடுத்துரைத்தவர் செருமானியக் கண் மருத்துவர் தியோடர் லேபர். 1879-ஆம் ஆண்டில் அவர் விவரித்த நோயாளியும் ஓர் உழவரே. கதிரடிக்கையில் ஓட்ஸ் தானியத்தின் உமி தெறித்துக் கண்ணில் பட்டது. புண்ணில் ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை காணப்பட்டது. தானியம் வேறு, நாடு வேறு, களம் ஒன்றே.

நோயை அறிந்த பின்னும் அதற்குரிய மருந்து கிடைக்க முக்கால் நூற்றாண்டு சென்றது. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதி மண்ணிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட நுண்ணுயிர் ஒன்று 1950-களில் நேட்டமைசினைத் தந்தது. பூஞ்சையைத் தந்த மண்ணே அதற்கு மாற்றையும் தந்தது எனலாம். 1978-இல் அமெரிக்க அரசு இதனைக் கண் சொட்டுமருந்தாக ஏற்றது.

இந்நோயின் அளவைத் துல்லியமாக உலகுக்குக் காட்டிய ஊர் மதுரை. மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் அங்கே தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், 1994 சனவரி முதல் மார்ச்சு வரையிலான மூன்றே மாதங்களில் கருவிழிப் புண்ணுடன் வந்த 434 பேர் ஆராயப்பட்டனர். அவர்களுள் 284 பேருக்குக் கண்ணில் அடிபட்ட வரலாறு இருந்தது. கிருமி வளர்ந்த 297 பேருள் 140 பேருக்குப் பாக்டீரியாவும், 139 பேருக்குப் பூஞ்சையும் காரணமாயின. குளிர்நாடுகளில் அரிதாகவே காணப்படும் பூஞ்சைப்புண் இங்கே பாக்டீரியாப் புண்ணோடு சரிநிகராக நின்றது. மதுரை மாவட்டத்தில் ஆண்டுதோறும் இலட்சம் பேருக்கு 113 பேர் இப்புண்ணுக்கு ஆளாகின்றனர் என்பது 1996-இல் வெளியான கணக்கு. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து மாவட்டம் ஒன்றில் அவ்வெண் 11 மட்டுமே.

சிகிச்சை நீண்டது. புண்ணின் ஓரத்தைச் சுரண்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சையின் இழைகள் தெரியும். அதன் பின்னர் விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு முறை சொட்டுமருந்து. பல வாரங்கள் இது தொடரும். அறுவடைக் காலத்தில் கூலியை இழந்தவர் ஒருவர். அவர் கண்ணைத் திறந்து மருந்து விடத் துணையாய் வந்து தம் கூலியையும் இழந்தவர் மற்றொருவர். பேருந்துக் கட்டணமும் மருந்துச் செலவும் கடன் வாங்க வைக்கின்றன. வேலை செய்யும் வயதினரே மிகுதியாகப் பாதிக்கப்படுவதால், இழப்பு அவ்வாண்டோடு முடிவதில்லை. புண் கண்ணைத் துளைத்துவிட்டால் கருவிழி மாற்று அறுவையே வழி. கிருமி தங்கிய கண்ணில் பொருத்திய கருவிழி தெளிவாக நிலைப்பது எளிதன்று.

2010-இல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வில் அரவிந்த் மருத்துவமனைகள் நேட்டமைசினையும், புதிய மருந்தான வோரிகோனசோலையும் ஒப்பிட்டன. 323 நோயாளிகள் இதிற் பங்கேற்றனர். பழைய மருந்தே, குறிப்பாக ஃபியூசேரியம் பூஞ்சையில், மேலானது என 2013-இல் முடிவு வெளியாயிற்று. புதியதே சிறந்தது என்ற எண்ணம் மருத்துவத்திலும் எப்போதும் பொருந்துவதில்லை.

சிற்றூர்களில் நேரும் தவறுகள் பழகிப்போனவை: தூசியை நாவால் எடுப்பது, முந்தானை நுனியால் துடைப்பது, இலைச்சாறும் விளக்கெண்ணெயும் விடுவது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டுமருந்து இவற்றினும் கொடியது. சிவப்பும் வலியும் தணிவதுபோல் தோன்றும். பூஞ்சையோ தடையின்றி வளரும்.

நேபாளத்தின் பக்தபூரில் 1990-களில் வேறொரு வழி ஆராயப்பட்டது. பயிற்சி பெற்ற ஊர்த் தொண்டர்கள் கண் கீறல் பட்டவருக்குக் குளோராம்பெனிக்கால் களிம்பை மூன்று நாள் இட்டனர். கீறல் பட்டு 18 மணி நேரத்திற்குள் வந்தவர் எவருக்கும் புண் உண்டாகவில்லை. மதுரை மாவட்டச் சிற்றூர்களிலும் இம்முறை பின்னர்ச் சோதிக்கப்பட்டது. அங்கே பூஞ்சையை எண்ணிக் குளோட்ரிமசோல் களிம்பும் சேர்த்துத் தரப்பட்டது. 2006-இல் வெளியான அதன் முடிவின்படி, கீறல் பட்ட 374 கண்களில் மிகச் சிலவற்றைத் தவிர ஏனையவை எத்தொல்லையுமின்றி ஆறின.