ஐந்தொகை எழுதியவர்கள்

சிங்கப்பூர்த் தமிழருக்கு நிதி ஆலோசகர் என்பவர் அண்மையில் வந்து சேர்ந்த ஆள் என்பது பொதுவான எண்ணம். பிடோக் கடைத்தொகுதியில் மடிக்கணினியோடு எதிரே உட்கார்ந்து, பிள்ளையின் படிப்புக்கு எவ்வளவு, ஓய்வுக்காலத்துக்கு எவ்வளவு என்று விசாரிக்கும் இளைஞரைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அவர் கேட்கும் கேள்விகள் என்னவோ பழையவை. செட்டித் தெரு என்று நம்மவர்கள் அழைத்த மார்க்கெட் ஸ்திரீட்டின் கிட்டங்கிகளில் அவற்றுக்கு எழுத்திலேயே விடை இருந்தது. ஒரே கடைவீட்டுக்குள் நகரத்தார் எனப்படும் செட்டியார்கள் பலர் வட்டித்தொழில் நடத்தினார்கள். ஒவ்வொருவருக்கும் தரையில் ஒரு சாய்வு மேசை, ஒரு மரப்பெட்டி, சில பேரேடுகள். செட்டிநாட்டிலிருந்து மூன்றாண்டுக் கணக்கில் வந்த மேலாள், ஊர் திரும்புமுன் ஐந்தொகை எனும் இருப்புநிலைக் கணக்கை எழுதி ஒப்படைக்க வேண்டும். சம்பளத்துக்கு மேல் அவருக்கு ஆதாயத்திலும் பங்கு உண்டு. பெண்ணுக்குக் கொடுத்த சீதனப் பணம் அவள் பேரிலேயே தனிக்கணக்காக நின்று வட்டிக்கு வட்டி சேர்ந்து, அடுத்த தலைமுறையின் திருமணத்துக்கும் உதவியது. நீண்டகால நிதித் திட்டம் என்று இன்று நாம் சொல்வது இதைத்தான். அந்த ஏற்பாட்டின் வலிமை வட்டி விகிதத்தில் இருந்ததாக நான் கருதவில்லை. குடும்பத்தின் வரவு, கடன், கடமை யாவும் ஒரே ஏட்டில் ஏறின. அதை எழுதியவரின் பிழைப்பும் அந்த ஏட்டோடு கட்டுண்டிருந்தது. இந்த இரண்டும் சேர்ந்து அமைந்தால்தான் ஆலோசனை என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு என்பது என் வாதம்.

இதற்கு மறுப்பு உடனே எழும். செட்டியார் வட்டிக்கடைக்காரர்தானே, அவரா ஆலோசகர்? நியாயமான கேள்வி. அந்த ஏற்பாட்டின் பயன் பெரும்பாலும் அவர்கள் சமூகத்தோடு நின்றது. வெளியே நின்ற கடனாளிக்குத் தெரிந்ததெல்லாம் வட்டிதான். துறைமுகத்திலும் நகராட்சியிலும் உழைத்த தமிழருக்கு ஐந்தொகை எழுத ஆளில்லை. ஊருக்கு மணியார்டர், மனைவியின் கழுத்தில் நகை, அவசரத்துக்கு அடகுக்கடை, நண்பர்களோடு கூட்டு எனும் சீட்டு: அவர்களின் திட்டம் அவ்வளவுதான். 1877இல் தொடங்கிய அஞ்சலகச் சேமிப்பு வங்கி காசைப் பத்திரமாக வைத்துக்கொண்டதே தவிர, எதற்காகச் சேர்க்கிறாய் என்று கேட்கவில்லை. கூட்டு பெருநிறுவனமாக வளர்ந்தபோது நடந்ததும் தெரியும். சீட்டு நிறுவனங்களுக்கென்று 1971இல் சட்டம் வந்தது. ஜெமினி சீட்டு நிறுவனம் சரிந்ததும் அந்தக் காலத்தில்தான். தெரிந்தவர்கள் கூடிப் பிடித்தவரை தாங்கிய நம்பிக்கை, முகம் தெரியாத ஆயிரக்கணக்கானோரிடம் விரிந்ததும் உடைந்தது.

அந்த இடைவெளியை அரசு நிரப்பியது. காலனி ஆட்சியின் கடைசிக் கட்டத்தில், 1955 ஜூலை 1 அன்று மத்திய சேம நிதி செயல்படத் தொடங்கியது. தொழிலாளியிடம் 5 விழுக்காடு, முதலாளியிடம் 5 விழுக்காடு. பணம் 55 வயதில் கைக்கு வரும் என்பது அன்றைய விதி. 1968இல் அந்தப் பணத்தை வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு வாங்கவும் பயன்படுத்தலாம் என்றானதும் கதையே திரும்பியது. மண்ணெடுக்கப்பட்ட குன்றுகளின் பக்கத்தில் 1970களில் எழுந்த பிடோக் புதுநகரம் அந்த முடிவின் காங்கிரீட் வடிவம். கிழக்குக் கடற்கரையைத் தூர்க்க மண் கொடுத்த அதே வட்டாரத்தில், சம்பளக்காரரின் முதுமைக்கான சேமிப்பு சுவரும் கூரையுமாக மாறியது. 1984இல் சந்தா இரு தரப்பும் சேர்ந்து 50 விழுக்காட்டைத் தொட்டது. அதே ஆண்டு, பணம் எடுக்கும் வயதை 60 ஆக்கலாம் என்று அமைச்சர் ஹவ் யூன் சோங் தலைமையிலான குழுவின் அறிக்கை பரிந்துரைத்தபோது மக்கள் கொதித்தார்கள். டிசம்பர் தேர்தலில் ஆளுங்கட்சியின் வாக்கு 77.7இலிருந்து 64.8 விழுக்காட்டுக்கு இறங்கியதில் அதற்கும் பங்குண்டு. அந்தக் கோபத்தை அறியாமை என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு, எனக்கு உடன்பாடில்லை. கணக்கைத் தன்னிடம் கேட்காமலேயே யாரோ எழுதுகிறார்கள் என்ற உணர்வு அது. சேம நிதி ஒழுங்காகச் சேர்த்தது, ஆனால் எல்லாருக்கும் ஒரே கணக்காகச் சேர்த்தது.

தனி ஆலோசகர் நுழைந்தது இந்த வாசல் வழியேதான். 2001இல் நிதி ஆலோசகர் சட்டம் நிறைவேறியது. ஏழே ஆண்டில் லேமன் பிரதர்ஸ் சரிந்தபோது, மினிபாண்டு போன்ற பத்திரங்களை வாங்கிய ஓய்வுபெற்றோர் உள்ளிட்டோர் ஹோங் லிம் பூங்காவில் கூடி நின்றார்கள். 2009இல் நாணய ஆணையம் பத்து நிறுவனங்களுக்கு அவ்வகைப் பத்திரங்களை விற்க ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை தடை விதித்தது. பேரேட்டை எழுதியவரின் கூலி பத்திரத்தின் விற்பனையிலிருந்து வந்தால், பேரேடு விற்பனைக்கு வாகாகவே எழுதப்படும். பிரிட்டன் 2012 முடிவில் முதலீட்டுப் பொருள்களின் கமிஷனையே நிறுத்தியதற்குக் காரணம் இதுதான். சிங்கப்பூர் அந்த அளவுக்குப் போகவில்லை. கட்டணம் கேட்டால் நடுத்தரக் குடும்பம் ஆலோசகரிடம் வரவே வராது என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் கமிஷனும் அதே குடும்பம் கட்டுகிற காப்புறுதிச் சந்தாவிலிருந்துதான் போகிறது, கண்ணுக்குத் தெரியாமல்.

சேம நிதி இருக்கிறது, வீடு இருக்கிறது, பிறகு ஆலோசகர் எதற்கு என்பவர்கள் பிடோக்கின் பழைய புளோக் ஒன்றைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1970களின் நடுவில் தொடங்கிய 99 ஆண்டுக் குத்தகையில் மீதம் சுமார் 50 ஆண்டு. குத்தகை முடிந்தால் வீடு அரசிடம் போய்விடும் என்பதை 2017இல் அமைச்சர் லாரன்ஸ் வோங் பகிரங்கமாக நினைவூட்ட வேண்டியிருந்தது. 2019 முதல், வாங்குபவருக்கு 95 வயதாகும்வரை குத்தகை நீடித்தால்தான் சேம நிதியை முழு வரம்புவரை பயன்படுத்தலாம். ஆக 30 வயதுத் தம்பதியைவிட 45 வயதுக்காரருக்கே அந்த வீடு தோதானது. இதன்மேல் 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை இருக்கிறது. புளோக்கில் இந்தியர், பிற இனத்தவருக்கான வரம்பு 2010 முதல் 15 விழுக்காடு. அது நிரம்பிய பிறகு சீனரோ மலாய்க்காரரோ விற்கும் வீட்டை இன்னொரு இந்தியர் வாங்க முடியாது. சீனர்களுக்கான வரம்பும் நிரம்பியிருந்தால், இந்தியர் தம் வீட்டைச் சீனருக்கு விற்கவும் முடியாது. வாங்குவோர் வட்டம் வயதாலும் சுருங்கி இனத்தாலும் சுருங்கும்போது, ஓய்வுக்கால வருமானத்தை அந்த வீட்டின் சந்தை விலையை வைத்துக் கணக்கிட்டவர் தவறாகவே கணக்கிட்டிருப்பார். 2022 முதல், இந்த வரம்பால் விற்க முடியாமல் நிற்போரிடமிருந்து சில நிபந்தனைகளோடு வீவகவே வீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. மார்க்கெட் ஸ்திரீட் மேலாளின் ஐந்தொகையில் குத்தகையின் மீதம், வாங்குபவரின் வயது, இன வரம்பு ஆகிய மூன்றும் தனித்தனி வரிகளாக ஏறியிருக்கும்.