கொல்லைப்புறத்து விருந்தாளிகள்

மலர்க் குழுவிலிருந்து நண்பன் போன் செய்து, "நீ ஏதாவது எழுதியே ஆகணும். ஆனா பாலம், அணைன்னு எழுதிக் கழுத்தறுக்காதே" என்று கட்டளையிட்டான். யோசித்தேன். நம் ஹாஸ்டல் மெஸ்ஸுக்குப் பின்னால், பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடுகிற இடத்தில் ஒரு பப்பாளி மரம் நின்றதே, ஞாபகம் இருக்கிறதா? யாரும் நட்டதில்லை. ஒரு காயையாவது பழுக்க விட்டோமா என்றால் அதுவும் இல்லை! அந்தப் பப்பாளியின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி என்று பின்னால் தெரிந்தபோது ஒரே ஆச்சரியம். அப்படியானால் அம்மாவின் கொல்லைப்புறத்தில் இருக்கிற மற்றவர்கள் எல்லாம் எந்த ஊர்க்காரர்கள்? அந்தக் கேள்வியில் பிறந்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் மண்ணின் மைந்தர்கள். கத்தரிக்காய் நம் நாட்டுச் சரக்கு. 'வழுதுணை' என்பது அதன் பழைய தமிழ்ப் பெயர். சுரைக்கொடி கூரைமேல் ஏறிப் படர்ந்த காட்சி சங்கப் பாடல்களிலேயே உண்டு. முருங்கையும் நம்முடையதே. தாவரவியலில் அதற்கு வழங்கும் 'மோரிங்கா' என்ற பெயரே நம் 'முருங்கை'யிலிருந்து போனதுதான்.

கறிவேப்பிலைக்கும் ஒரு கதை இருக்கிறது. 1768-ல் தரங்கம்பாடிக்கு டேனிஷ்காரர்களிடம் மருத்துவராக வேலைக்கு வந்தார் ஜோஹன் கோனிக். செடிகொடிகளுக்குப் பெயர் வைத்தே உலகப் புகழ் பெற்ற லின்னேயஸின் மாணவர் அவர். கறிவேப்பிலைக்குப் பெயர் வைத்தபோது லின்னேயஸ் தம் மாணவரை மறக்கவில்லை. அதன் தாவரவியல் பெயரில் 'கோனிகீ' என்ற சொல் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சாப்பிடும்போது நாம் ஒதுக்கி வைக்கிற இலைக்கு இத்தனை மரியாதை!

அடுத்து விருந்தாளிகள். 1492-ல் கொலம்பஸ் அமெரிக்கா போனார். 1498-ல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டில் இறங்கினார். இந்த இரண்டு பயணங்களுக்கும் பிறகுதான் நம் சமையலறையே மாறியது. அதுவரை இங்கே காரம் என்றால் மிளகும் திப்பிலியும்தான். பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கப்பலில் மிளகாய் வந்தது. மிளகுபோலக் காரமாக இருந்த காய், அதனால் மிளகாய். மிளகுக்கு மலையும் மழையும் நிழலும் வேண்டும். மிளகாய்க்குக் கிணற்றடி ஓரம் போதும். ஏழை வீட்டிலும் காசில்லாமல் காரம் கிடைத்தது. அது ஜெயித்ததில் என்ன அதிசயம்?

பறங்கிக்காய், கொய்யா, தக்காளி எல்லாமே அமெரிக்கக் கண்டத்துக்காரர்கள்தான். பறங்கிக்காய் தன் பாஸ்போர்ட்டைப் பெயரிலேயே வைத்திருக்கிறது. தக்காளி கொஞ்சம் சாமர்த்தியசாலி. 'மணத்தக்காளி' போன்ற உள்ளூர்ச் செடிகளுக்கு இருந்த பெயரில் 'சீமை'யை முன்னால் போட்டுக்கொண்டு சீமைத்தக்காளியாக நுழைந்தது. பிறகு சீமையை உதறிவிட்டு, வெறும் தக்காளியாக உட்கார்ந்துவிட்டது!

பூக்களிலும் இதே கதைதான். துலுக்கச் சாமந்தி மெக்சிகோ பக்கத்தது. தண்ணீரே ஊற்றாவிட்டாலும் வருஷம் முழுக்கப் பூக்கிற நித்தியகல்யாணி மடகாஸ்கர் தீவிலிருந்து வந்தது. நாம் சுடுகாட்டுப்பூ என்று ஒதுக்கிய அந்தச் செடியிலிருந்து 1958-ல் கனடாவில் நோபிள், பியர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்தார்கள். அதே செடி தந்த இன்னொரு மருந்து, இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளைப் பிழைக்க வைக்கிறது.

வந்தவர்கள் எல்லோரும் தங்கிவிடவில்லை. வெள்ளைக்காரர் காலத்தில் கோஸ், காரட், பீட்ரூட் வந்தன. 1820-களில் ஊட்டியில் ஜான் சல்லிவன் ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிட வைத்தார். 1835-ல் சென்னையில் தோட்டக்கலைச் சங்கமே தொடங்கினார்கள். இன்றைய செம்மொழிப் பூங்கா இருப்பது ஒரு காலத்தில் அந்தச் சங்கத்திடம் இருந்த நிலத்தில்தான். இருந்தாலும் 'இங்கிலீஷ் காய்கறி' மலையோடு நின்றது. நம் ஊர் வெயில் ஒத்துக்கொண்டவைதான் கொல்லைக்குள் வந்தன.

ஆக, 'எல்லாம் நம்முடையது' என்று பெருமை பேசவும் வழியில்லை, 'எல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்தது' என்று மட்டம் தட்டவும் வழியில்லை. ஐந்நூறு வருஷமாக யார் வந்தாலும் இடம் கொடுத்த கொல்லை இருந்தது. அரிசி கழுவின தண்ணீர் வாழைக்கு, பாத்திரம் கழுவின தண்ணீர் கீரைப் பாத்திக்கு, அடுப்புச் சாம்பல் அவரைக்கு என்று அதை நடத்திய அம்மாக்களும் பாட்டிகளும் இருந்தார்கள். அவர்கள் பெயர் எந்தத் தாவரத்திலும் ஒட்டவில்லை.

இனி என் கதை. 2017-ல் ஊரில் பழைய வீட்டை இடித்துக் கட்டினேன். "கொல்லையில கொஞ்சம் மண்ணை விடுடா" என்றார் அம்மா. "சேறு, கொசு, பாம்பு, எதுக்கும்மா?" என்று கேட்டு முழுவதும் கான்கிரீட் போட்டேன். கார் நிறுத்த வசதி. சிவில் இன்ஜினியர் அல்லவா! பெய்கிற மழையில் எவ்வளவு ஓடிப்போகும் என்ற கணக்கை நமக்கு வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். தோட்ட மண்ணில் பத்தில் இரண்டு பங்கு போல, கான்கிரீட்டில் ஒன்பது பங்கு போல. பரீட்சையில் சரியாக எழுதினேன், வீட்டில் தப்பாகப் போட்டேன். 2003-லேயே தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. சட்டத்துக்காக ஒரு குழாயை இறக்கிவிட்டு, தண்ணீர் இறங்க வேண்டிய மண்ணை மூடினேன்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கொல்லைப்பக்கம் போவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். ஒருநாள் கறிவேப்பிலை வாங்கக் காசு கேட்டபோதுதான் எனக்குச் சுருக்கென்றது.

2020 ஊரடங்கில் ஊரிலேயே மாட்டிக்கொண்டேன். கெடுபிடி தளர்ந்ததும் ஆள் பிடித்து, பத்தடிக்கு ஆறடி கான்கிரீட்டை உடைத்தேன். அம்மா உள்ளே போய் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கொண்டுவந்தார். சாம்பலில் புரட்டிய விதைகள், மூன்று வருஷமாக வைத்திருந்திருக்கிறார்! அவரை முளைத்தது. மிளகாய் முளைக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா நாலு நாற்று கொடுத்தார். எங்கள் வீட்டுக்கு மிளகாய் இரண்டாம் முறையாக விருந்தாளியாக வந்தது இப்படித்தான்.

சீனியர் அண்ணன்களே, நாம்தான் வீடு கட்டுகிறோம், வரைபடம் போடுகிறோம். பின்பக்கம் நாலு முழம் மண்ணை விட்டு வையுங்கள். கிணற்றடியோ குளியலறையோ, தண்ணீர் அதற்குப் போகிற மாதிரி வாட்டம் கொடுங்கள். படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, மெஸ்ஸுக்குப் பின்னால் தண்ணீர் இப்போதும் ஓடுகிறது. ஒரு கறிவேப்பிலைக் கன்று, ஒரு முருங்கைப் போத்து வையுங்கள். பப்பாளி தானாக வந்து சேரும். அடுத்த சந்திப்புக்கு நாங்கள் வரும்போது ஒரு பழத்தையாவது மரத்தில் பழுக்க விட்டு வையுங்கள்!