மெலிந்த ஆண்டில் கடைசிச் சுற்றுகள்: அமெரிக்கக் காற்பந்துத் தெரிவை எப்படிப் பார்ப்பது?

ஏப்ரல் மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை இரவு 9.30 மணிக்கு நான் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தால் எழும்புவது விடியப்போகும் நேரத்தில்தான். அமெரிக்காவின் என்.எப்.எல். காற்பந்துக் கழகங்கள் பல்கலைக்கழக வீரர்களைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும் மூன்று நாள் நிகழ்வின் கடைசி நாள் அது. நான்காம் சுற்றிலிருந்து ஏழாம் சுற்று வரை அன்றைக்குத்தான் நடக்கும். ரொறன்ரோவில் இருக்கும் அக்காவின் மகன் ஒருமுறை தொலைபேசியில் கேட்டான்: "மாமா, இந்த வருசம் நல்ல பெடியள் ஒருத்தரும் இல்லையாம். முதலாவது சுற்றே சரியில்லை எண்டு சொல்லுகினம். பிறகேன் ஏழாவது சுற்றுவரைக்கும் முழிச்சிருந்து பார்க்கிறியள்?" அன்று அவனுக்கு ஒழுங்கான பதில் சொல்ல என்னால் முடியவில்லை. இது அந்தப் பதில், கொஞ்சம் நீளமாக.

பழக்கமில்லாதவர்களுக்காக முதலில் முறையைச் சொல்லிவிடுகிறேன். இது நாம் விளையாடும் உதைபந்தாட்டம் அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்தும் ஏந்திக்கொண்டு ஓடியும் ஆடுவது. மொத்தம் 32 கழகங்கள். முந்தைய பருவத்தில் மிக மோசமாக ஆடிய கழகம் முதலில் தெரிவு செய்யும், சம்பியன் கடைசியில். 1936 இல் பிலடெல்பியாவில் தொடங்கிய வழக்கம் இது. 1994 இலிருந்து ஏழு சுற்றுகள். ஒப்பந்தம் முடிந்து வெளியேறிய வீரர்களுக்கு ஈடாகச் சில கழகங்களுக்குக் கொடுக்கப்படும் மேலதிக தெரிவுகளையும் சேர்த்தால் ஆண்டுக்கு 250 முதல் 262 பேர் வரை வரும். எந்தக் கழகத்துக்குப் போவது என்பதில் வீரனுக்குச் சொல்லில்லை. எடுத்த கழகத்தோடுதான் நான்கு ஆண்டு ஒப்பந்தம். கடைசியாக வாசிக்கப்படும் பெயருக்கு 'பொருட்டில்லாதவர்' என்று ஒரு பட்டமே உண்டு. போல் சலாட்டா என்ற முன்னாள் வீரர் 1976 இல் வேடிக்கையாகத் தொடக்கிவைத்த பட்டம் அது.

மெலிந்தது எந்தப் பக்கம்?

ஓர் ஆண்டின் வீரர் தொகுதி பலவீனமானது என்று சொல்லும்போது இரண்டு வேறுபட்ட விடயங்களை ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள். மேலே மெலிந்திருப்பது ஒன்று, கீழே மெலிந்திருப்பது இன்னொன்று.

மேலே மெலிந்ததற்கு 2013 நல்ல உதாரணம். அந்த ஆண்டு முதல் நான்கு தெரிவுகளில் மூன்று பேர், எதிரணியைத் தடுத்து நிற்கும் டக்கிள் வீரர்கள். பந்து ஏந்தி ஓடும் ரன்னிங்பாக் ஒருவர்கூட முதற் சுற்றில் போகவில்லை. 1963 க்குப் பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. ஆட்டத்தை வழிநடத்தும் குவாட்டர்பாக் இடத்துக்கு முதற் சுற்றில் ஒரே ஒருவர், ஈ.ஜே. மனுவல். பஃபலோ பில்ஸ் கழகம் அவரை 16 ஆவதாக எடுத்தது. இரண்டாவது பருவத்திலேயே அவர் தன் இடத்தை இழந்தார்.

ஆனால் அதே தொகுதியின் அடிப்பகுதியைப் பாருங்கள். நான்காம் சுற்றில் 109 ஆவதாக கிறீன் பே பக்கர்ஸ் எடுத்த டேவிட் பக்தியாரி, பல ஆண்டுகள் லீக்கின் மிகச் சிறந்த இடதுபக்கத் தடுப்பாளர்களில் ஒருவராக இருந்தார். ஐந்தாம் சுற்றில் 159 ஆவதாக மைக்கா ஹைட். ஆறாம் சுற்றில் 203 ஆவதாகப் போன ரையன் ஜென்சன் ஒரு சிறிய இரண்டாம் பிரிவுக் கல்லூரிப் பெடியன்; பின்னாளில் தம்பா பே கழகத்தின் நடுத் தடுப்பாளராகச் சம்பியன் ஆனார். ஏழாம் சுற்றில் 218 ஆவதாக ஜோர்டன் போயர்.

ஹைட், போயர் இருவரையும் 2017 இல் ஒப்பந்தம் செய்தது யார் தெரியுமா? முதற் சுற்றில் மனுவலை எடுத்த அதே பஃபலோதான். அந்தப் பருவத்திலேயே பஃபலோ 17 ஆண்டுகளுக்குப் பிறகு இறுதிச் சுற்று ஆட்டங்களுக்குள் நுழைந்தது. பின்களக் காவலில் அந்த இருவரும் 2023 வரை சோடியாக நின்றார்கள்.

கீழே மெலிந்த ஆண்டு வேறு மாதிரி. கொரோனாக் காலத்தில் பல்கலைக்கழக வீரர்கள் எல்லோருக்கும் ஓர் ஆண்டு மேலதிகமாக ஆட அனுமதி கிடைத்தது. அதனால் 2021 இல் வந்திருக்க வேண்டிய பலர் திரும்பிப் போய்விட்டார்கள். அந்த ஆண்டின் கடைசிச் சுற்றுகள் வறண்டு கிடந்தன. அவர்களே அடுத்த ஆண்டு வந்து 2022 இன் அடிப்பகுதியை நிரப்பினார்கள். இப்போது காரணம் பணம். 2021 ஜூலையிலிருந்து பல்கலைக்கழக வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம்; 2025 ஜூனில் அங்கீகரிக்கப்பட்ட நீதிமன்றத் தீர்வின்படி பல்கலைக்கழகங்களே நேரடியாகக் கொடுக்கவும் முடியும். ஆறாம் சுற்றில் போய், ஓகஸ்ட் கடைசியில் வெட்டுப்படுவோமோ என்று பயந்துகொண்டிருப்பதை விட இன்னோர் ஆண்டு பல்கலைக்கழகத்தில் இருந்துவிடலாம் என்று ஒரு பெடியன் நினைத்தால் அதில் பிழை காண என்னால் முடியாது. ஆனால் அதன் விளைவாகக் கடைசிச் சுற்றுகளில் 23, 24 வயதுக்காரர்கள் கூடுகிறார்கள். 24 வயதில் 19 வயதுப் பெடியளை விழுத்துவது ஒரு திறமை அல்ல. வயதைப் பார்க்காமல் புள்ளிவிபரத்தை மட்டும் பார்ப்பவர் இங்கேதான் ஏமாறுவார்.

ஏன் கீழே வந்தான்?

கடைசிச் சுற்று வீரன் ஒருவனைப் பார்க்கும்போது நான் கேட்கும் முதற் கேள்வி இதுதான். 32 கழகங்களும் ஐந்து சுற்றுகளாக அவனைத் தாண்டிப் போயிருக்கின்றன என்றால் ஏதோ குறை இருக்கிறது. அந்தக் குறை எந்த வகை என்பதே விடயம். காயம், சிறிய கல்லூரி, உயரக் குறைவு, இடம் மாறி ஆட வேண்டிய நிலை, அணியில் முன்னால் இன்னொருவர் இருந்தது ஆகியவையெல்லாம் மன்னிக்கக்கூடிய குறைகள். படத்தில் பார்க்கும்போதே தோளைக் கொடுத்துத் தடுக்கத் தயங்குகிறான் என்றால் அது திருந்தாத குறை.

ஒவ்வோர் ஆண்டும் இந்தியானாபொலிஸ் நகரில் வீரர்களை அளக்கிறார்கள். 40 யார் ஓட்டம், நின்ற இடத்திலிருந்து துள்ளல், 225 இறாத்தல் பாரத்தை எத்தனை தடவை தூக்குகிறான் என்றெல்லாம். இந்த எண்களை நான் ஒதுக்குவதில்லை. ஆனால் எந்த இடத்து வீரனுக்கு எந்த எண் என்று பார்ப்பேன். 2000 இல் ரொம் பிரேடி 40 யாரை 5.28 செக்கனில் ஓடினார். குவாட்டர்பாக்குகளில் அவருக்கு முன்னால் ஆறு பேர் போனார்கள். அவர் 199 ஆவது. ஏழு சம்பியன் கிண்ணங்களுக்குப் பிறகு இந்தக் கதையைத் தெரியாதவர் இல்லை. ஆனால் அந்த ஆண்டின் முதல் நாளிலேயே, மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்காக ஒறேஞ்ச் போல் ஆட்டத்தில் அலபாமாவுக்கு எதிராகப் பின்தங்கிய நிலையிலிருந்து மேலதிக நேரத்தில் 35–34 என்று அவர் வென்று கொடுத்த ஆட்டம் எல்லோருடைய கையிலும் காணொளியாக இருந்தது. ஓட்டத்தை அளந்தவர்கள் ஓடத் தேவையில்லாத ஒருவரை அளந்தார்கள்.

மறுபக்கமும் உண்டு. 2022 இல் ஐசாயா பச்செக்கோ என்ற ரன்னிங்பாக்கை கன்சாஸ் சிற்றி சீஃப்ஸ் ஏழாம் சுற்றில் 251 ஆவதாக எடுத்தது. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் அவருடைய கணக்கு சாதாரணம்தான். ஆனால் 40 யாரை 4.37 செக்கனில் ஓடியிருந்தார், பலவீனமான அணியொன்றில் நெரிசலுக்குள் தலை குனிந்து ஓடிப் பழகியிருந்தார். ரன்னிங்பாக்குக்கு வேகம் உண்மையான நாணயம். கடைசிச் சுற்றில் எல்லாவற்றிலும் சராசரியானவனை விட ஒன்றிலாவது உயர்ந்து நிற்பவனை எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. சராசரி வீரர்கள் சம்பளத்துக்கு எப்போதும் கிடைப்பார்கள்.

அதே 2022 இல்தான் குவாட்டர்பாக் வரட்சி. கெனி பிக்கெட் 20 ஆவதாகப் போனபின் அடுத்தவர் 74 ஆவதாகத்தான் எடுக்கப்பட்டார். ஒன்பதாவது குவாட்டர்பாக்காக, 262 பேரில் 262 ஆவதாக, சான் பிரான்சிஸ்கோ எடுத்தவர் புரொக் பேர்டி. கை பலம் போதாது, உயரம் போதாது என்றார்கள். ஆனால் அயோவா ஸ்டேற்றில் நான்கு பருவங்கள் முதல் ஆளாக ஆடியவர். குவாட்டர்பாக் விடயத்தில் நான் கூடுதல் எடை கொடுப்பது இதற்குத்தான்: எத்தனை ஆட்டங்களில் எத்தனை விதமான காவலை அவன் கண்ணால் பார்த்திருக்கிறான். அந்த டிசம்பரில் முன்னால் இருந்த இருவரும் காயப்பட்ட பிறகு பேர்டி களமிறங்கி, முழங்கையில் காயப்படும் வரை தோற்கவில்லை. 2025 இல் ஐந்து ஆண்டுகளுக்கு 265 மில்லியன் டொலர் ஒப்பந்தம்.

2024 பெப்ரவரியில் லாஸ் வேகாஸில் நடந்த சுப்பர் போல் இறுதியாட்டத்தில் ஒருபக்கம் பேர்டி, மறுபக்கம் பச்செக்கோ. இருவருடைய பெயர்களும் இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே நகரில் ஏழாம் சுற்றில் வாசிக்கப்பட்டவை. கன்சாஸ் சிற்றி மேலதிக நேரத்தில் 25–22 என்று வென்றது. அந்த அணியின் ஜெய்லன் வொற்சனும் அதே ஏழாம் சுற்றுக்காரர், 243 ஆவது. படிப்புத் தகுதி போதாமல் பெரிய பல்கலைக்கழகம் கைநழுவி, தாய் வேலை செய்த துரித உணவுக் கடையில் தானும் நின்று உழைத்துவிட்டு வந்தவர்.

இனி, பலரும் பார்க்காத ஒரு பக்கம். ஏழாம் சுற்று வீரன் முதல் ஆண்டில் தன் இடத்தில் ஆடப்போவதில்லை. 90 பேர் பயிற்சி முகாமுக்கு வருவார்கள், ஓகஸ்ட் கடைசியில் 53 பேர் மிஞ்சுவார்கள். கடைசி ஐந்தாறு கதிரைகளைத் தீர்மானிப்பது பந்தை உதைக்கும், உதைத்த பந்தைத் திருப்பிக் கொண்டுவரும் சிறப்பு அணிகள். அங்கே ஓடத் தயாரில்லாதவனுக்குத் திறமையைக் காட்ட நாளே கிடைக்காது. போயரை எடுத்த பிலடெல்பியா அவரை முதல் பருவத்து ஒக்ரோபரிலேயே விட்டுவிட்டது. கிளீவ்லாந்தில் சேர்ந்து பல பருவங்கள் இதே வேலையைச் செய்தார். 2016 இல் அப்படி ஓடும்போது பட்ட அடியில் சிறுநீரகம் கிழிந்தது. அதற்கு அடுத்த ஆண்டுதான் பஃபலோ அழைத்தது.

கேட் மாசி, ரிச்சர்ட் தேலர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்தத் தெரிவைப் பல ஆண்டுகள் கணக்கிட்டுப் பார்த்தார்கள். ஒரே இடத்துக்கு அடுத்தடுத்து எடுக்கப்பட்ட இருவரில் முன்னால் எடுக்கப்பட்டவர் சிறந்து விளங்கும் வாய்ப்பு ஏறத்தாழ 52 வீதம். நாணயம் சுண்டுவதை விடச் சற்றுத்தான் மேல். இதிலிருந்து கழகங்கள் படிக்க வேண்டியது, ஒருவனுக்காக நான்கு தெரிவுகளை விற்று மேலே ஏறாமல் கீழே கூடுதல் தெரிவுகளை வைத்திருப்பது. மேலே மெலிந்த ஆண்டில் இது இரட்டிப்பாகப் பொருந்தும். கீழே மெலிந்த ஆண்டில் நேர்மாறு: ஏழாம் சுற்றுத் தெரிவை அடுத்த ஆண்டின் ஆறாம் சுற்றுக்கு மாற்றிக்கொள்ள யாராவது வந்தால் யோசிக்காமல் கொடுத்துவிடலாம்.

இதையெல்லாம் எழுதிவிட்டு ஒன்றை மறைக்கக் கூடாது. பிரேடியும் பேர்டியும் நினைவில் நிற்பது அவர்கள் அரிது என்பதால்தான். ஏழாம் சுற்றில் போகிறவர்களில் பெரும்பாலானோர் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் வேறு தொழிலுக்குப் போய்விடுகிறார்கள். என்னுடைய கணிப்பும் பெரிய கணிப்பல்ல. 2013 க்கான என் கொப்பியில் போயரின் பெயர் இருந்தது. கடைசிப் பருவத்தில் ஒரிகன் ஸ்டேற்றுக்காக ஏழு பந்துகளை இடைமறித்தவர் என்றும் எழுதியிருந்தேன். பக்கத்தில் 'வேகம் காணாது' என்று எழுதி, கோடு போட்டு வெட்டியிருக்கிறேன்.

கடைசிப் பெயர் வாசிக்கப்பட்ட பிறகும் நான் கணினியை மூடுவதில்லை. எடுக்கப்படாத பெடியளுக்குக் கழகங்கள் தொலைபேசி எடுப்பது அப்போதுதான் சூடுபிடிக்கும். தெரிவு செய்யும் உரிமை அந்த ஒரு மணித்தியாலம் மட்டும் வீரன் கையில் இருக்கும். எந்தக் கழகத்தில் தன் இடத்துக்கு ஆள் குறைவு என்று பார்த்துப் போகலாம். 2013 இல் அந்த அழைப்பும் வராமல், மினசோட்டா வைக்கிங்ஸின் திறந்த பயிற்சித் தேர்வுக்குப் போனவர் அடம் தீலன். பின்னாளில் இரண்டு தடவை நட்சத்திர அணிக்குத் தெரிவானார். அவருடைய பெயர் என் கொப்பியில் இல்லவே இல்லை.