குளிர்கால வேலையும் நம் பிள்ளைகளின் லீவும்



டிசம்பர் லீவு தொடங்கிய நாளிலிருந்து என் வாட்ஸ்அப்புக்கு வருவது ஒரே கேள்விதான். "டீச்சர், லீவுக்கு மகனுக்கு ஏதும் கிளாஸ் இரிக்கா?" கிளாஸ் என்றால் கணிதம், ஆங்கிலம், புலமைப்பரிசில். ஒரு தாய் மட்டும் வேறு மாதிரிக் கேட்டார். "சும்மா இரிக்கிறான் டீச்சர். போனப் பறிச்சா செவரப் பாத்துட்டு இரிக்கிறான். கையால ஏதாவது செய்யப் பழக்கிக்குடுக்க ஆள் இரிக்கா?"

உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்தக் கேள்வி, கல்வியியல் கல்லூரியில் பரீட்சைக்காக மட்டும் பாடமாக்கிவிட்டு மறந்துபோன ஒரு சொல்லை ஞாபகப்படுத்தியது. 'ஸ்லொய்ட்'. சுவீடன் மொழிச் சொல். கைவேலை என்று பொருள். அதன் கதையை இந்த லீவில் மீண்டும் தேடி வாசித்தேன். கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுமையாக வாசியுங்கள்.

சுவீடன், நோர்வே, பின்லாந்து போன்ற நாடுகளில் குளிர்காலம் என்பது நம் நுவரெலியாக் குளிர் மாதிரி அல்ல. நிலம் உறைந்துவிடும். பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கே இருட்டிவிடும். வயலில் மாதக்கணக்கில் வேலை இல்லை. அந்த இருட்டில் குடும்பம் முழுவதும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து வேலை செய்தது. ஆண்கள் கரண்டி, ஏர்க்கால், மண்வெட்டிப் பிடி செதுக்கினார்கள். பெண்கள் நூல் நூற்றார்கள், நெய்தார்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருந்து பார்த்துப் பழகினார்கள். தேவைதான் இதற்குக் காரணம், பொழுதுபோக்கு அல்ல. கோடையில் பாவிக்கும் கருவியைக் குளிரில் செய்து வைக்காவிட்டால் அடுத்த கோடையில் கையில் ஒன்றும் இருக்காது.

19ஆம் நூற்றாண்டில் தொழிற்சாலைப் பொருட்கள் வந்தன. கரண்டி கடையில் மலிவாகக் கிடைத்தது. செதுக்கத் தேவையில்லை என்றானதும் அந்த நீண்ட இரவுகள் வெறுமையாகிவிட்டன. பிள்ளைகளின் கைகளுக்கு வேலை இல்லை, பெரியவர்கள் குடியில் விழுகிறார்கள் என்று அக்காலத்துக் கல்வியாளர்கள் கவலைப்பட்டார்கள். சாராயத்தின் இடத்தில் போனை வைத்துப் பாருங்கள். அந்தத் தாய் கேட்ட கேள்வியும் இதுதான்.

முதலில் பதில் சொன்னவர் பின்லாந்தின் ஊனோ சிக்னேயஸ். இவர் ஒரு பாதிரியார். 1840களில் அப்போது ரஷ்யாவின் கையில் இருந்த அலாஸ்காவில், சிட்கா என்ற ஊரில் பணி செய்துவிட்டு வந்தவர். 1863இல் யுவாஸ்குலா நகரில் ஆசிரியர் கலாசாலை ஒன்றைத் தொடங்கினார். 1866இல் பின்லாந்தின் ஆரம்பப் பாடசாலைகளில் கைவேலை கட்டாய பாடமாகியது. உலகத்தில் ஒரு நாட்டின் பாடசாலைகளில் கைவேலை இப்படி இடம்பிடித்தது அதுதான் முதல் தடவை என்று கல்வி வரலாற்றில் சொல்வார்கள்.

அடுத்தவர் சுவீடனின் ஒட்டோ சலமன். இவருடைய மாமா ஓகஸ்ட் ஆப்ரஹாம்சன் ஒரு யூத வியாபாரி. உழைத்த பணத்தில் நேஸ் என்ற இடத்தில் தோட்டமும் மாளிகையும் வாங்கி, 1872இல் அங்கே ஒரு கைவேலைப் பாடசாலையைத் திறந்தார். பொறுப்பு மருமகனுக்கு. சலமன் 1877இல் பின்லாந்து போய் சிக்னேயஸைக் கண்டு பேசினார். திரும்பி வந்த பின் அவருடைய யோசனை மாறியது. தச்சர்களை உருவாக்குவதை விட ஆசிரியர்களை உருவாக்க வேண்டும் என்றார். நேஸில் சில வாரப் பயிற்சிக்கு உலகம் முழுவதிலுமிருந்து ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் வந்தார்கள்.

சலமனின் விதிகளை இப்போது வாசித்தாலும் ஒரு ஆசிரியையாக எனக்குப் பொறாமை வருகிறது. முதல் கருவி கத்தி, ஏனென்றால் எல்லா வீட்டிலும் கத்தி இருக்கிறது. பிள்ளை செய்யும் பொருள் வீட்டில் பாவிக்கக்கூடியதாக இருக்க வேண்டும், காட்சிக்கு வைக்கும் அலங்காரப் பொருள் வேண்டாம். தொடக்கம் முதல் முடிவு வரை பிள்ளையே செய்ய வேண்டும், ஆசிரியர் கை வைக்கக்கூடாது. செய்து முடித்தது பிள்ளைக்கே சொந்தம். முக்கியமானது இது: நோக்கம் தொழில் பழக்குவது அல்ல, மனிதனை உருவாக்குவது. ஆகவே தச்சனின் மகனும் செய்யலாம், டொக்டரின் மகளும் செய்யலாம்.

டென்மார்க்கில் நடந்தது வேறு மாதிரி. குருந்த்விக் என்ற அறிஞரின் சிந்தனையில் 1844இல் ரொடிங் என்ற ஊரில் முதல் மக்கள் உயர்பாடசாலை திறந்தது. விவசாயக் குடும்பத்து இளைஞர்கள் வயல் வேலை இல்லாத குளிர் மாதங்களில் வந்து தங்கிப் படித்தார்கள். வரலாறு, பாட்டு, கதை, கலந்துரையாடல். பரீட்சை இல்லை, சான்றிதழ் இல்லை. வசந்தம் வந்ததும் வயலுக்குத் திரும்பிவிடுவார்கள். பின்னர் கோடையில் பெண்களுக்கும் நடத்தினார்கள். பரீட்சை இல்லாத பாடசாலைக்கு யார் போவார் என்று இங்கே கேட்பார்கள். 1864 யுத்தத்தில் தோற்று நிலத்தைப் பறிகொடுத்த பிறகுதான் டென்மார்க்கில் இந்தப் பாடசாலைகள் நிறையப் பெருகின.

இந்த யோசனை நம் பக்கத்துக்கும் வந்தது. 1937இல் வார்தாவில் காந்தி கூட்டிய கல்வி மாநாட்டில், ஒரு கைத்தொழிலைச் சுற்றியே எல்லாப் பாடங்களையும் கற்பிக்க வேண்டும் என்ற திட்டம் உருவானது. அதற்குப் பாடத்திட்டம் வகுத்த குழுவின் தலைவர் ஜாமியா மில்லியாவின் ஸாகிர் ஹுஸைன், பின்னாளில் இந்தியாவின் ஜனாதிபதி.

இலங்கை வார்தாவுக்காகக் காத்திருக்கவில்லை. 1930களின் தொடக்கத்திலேயே கன்னங்கராவின் காலத்தில் கண்டிப் பக்கம் ஹந்தெஸ்ஸவில் கிராமியக் கல்வித் திட்டம் ஒன்று ஆரம்பமானது. விவசாயம், சுகாதாரம், கைப்பணி எல்லாம் பாடத்தோடு சேர்ந்திருந்தன. அது நீடிக்கவில்லை. கல்லூரியில் "பெற்றோர் ஆதரவு கிடைக்கவில்லை" என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போனோம். இப்போதுதான் அந்தப் பெற்றோரின் பக்கம் விளங்குகிறது. நகரத்துப் பிள்ளை ஆங்கிலம் படித்துக் கந்தோருக்குப் போகிறது. என் பிள்ளைக்கு மட்டும் ஏன் மண்வெட்டி? கேட்டது நியாயம்தானே.

1972 கல்விச் சீர்திருத்தத்தில் தொழில் முன்னிலைப் பாடங்கள் வந்தன. 1977இல் ஆட்சி மாறிய பின் அவையும் போயின. இப்போது 6 முதல் 9 வரை 'செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள்' என்ற பாடம் இருக்கிறது. நேர அட்டவணையில் இருக்கிறது என்று சொல்வதே சரி. எத்தனை இடங்களில் அந்தப் பாடவேளையைக் கணிதத்துக்குக் கொடுத்துவிடுகிறோம் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். நானும் கொடுத்திருக்கிறேன்.

என் கருத்து இதுதான். சலமன் கைவேலையை எல்லாப் பிள்ளைக்கும் என்று வைத்தார். நாம் அதைப் படிப்பு வராத பிள்ளைக்கு என்று வைத்தோம். அன்றிலிருந்து எந்தத் தாயும் அதை விரும்பிக் கேட்கவில்லை. அதனால்தான் இந்த டிசம்பரில் ஒரு தாய் தானாகவே கேட்டது எனக்கு இவ்வளவு பெரிதாகப் பட்டது.

தெஹிவளையில் நமக்கு எது குளிர்காலம்? டிசம்பர் இல்லை. விடியற்காலையில் கொஞ்சம் பனி, ஸுபஹுக்குப் போகும் பெரியவர்கள் மப்ளர் கட்டுவார்கள், அவ்வளவுதான். இந்த மாதங்களில் கடல் அடங்கியிருக்கும், நம் கரையில் மீன்பிடிக்கு நல்ல காலம். மே மாதத்தில் தென்மேல் பருவக்காற்று வந்து கடல் கொந்தளிக்கும்போதுதான் வள்ளங்கள் கரையேறும், வலை பின்னுவதும் பழுது பார்ப்பதும் நடக்கும்.

நான் படித்த அட்டாளைச்சேனையில் எல்லாம் தலைகீழ். அங்கே டிசம்பர் அடைமழை. ஒரு வார இறுதியில் தோழியின் வீட்டுக்குப் போனபோது, அவளுடைய மூத்தம்மா விறாந்தையில் பன் பாய் இழைத்துக்கொண்டிருந்தார். மழை இரைச்சலில் பேச்சே கேட்காது. சாயமிட்ட பன்னை இடையிடையே கோர்த்து ஓரத்தில் ஒரு கோலம் கொண்டுவந்தார். எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். "படிக்கிறதா? மழைக்கு வெளிய போக ஏலாதே மகள்" என்றார். சுவீடன்காரரின் குளிர்கால இரவும் இந்த விறாந்தையும் ஒன்றுதான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. பரீட்சைக்கு ஸ்லொய்ட்டைப் பாடமாக்கிக்கொண்டே அந்தப் பாயில் உட்கார்ந்திருந்தேன்.

என் உம்மும்மாவும் அப்படித்தான். தையல்காரரிடம் வெட்டுத்துணி வாங்கி வந்து தலையணை உறை தைப்பார். ஒன்று போல இன்னொன்று இருக்காது. எனக்கு ஊசியில் நூல் கோர்ப்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. கேட்டுப் பழகியிருக்கலாம். எனக்கு அப்போது டியூஷன் இருந்தது.

சரி, அந்தத் தாய்க்கு நான் சொன்ன பதிலுக்கு வருகிறேன். லீவு முடியும் வரை சனிக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக் கராஜில் பத்துப் பிள்ளைகளை வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். ஆணும் பெண்ணும், படிப்பில் முன்னுக்கு நிற்பவரும் பின்னுக்கு நிற்பவரும். கட்டணம் இல்லை, புள்ளியும் இல்லை. செய்ததை வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

எனக்கு வேண்டியது ஆட்கள். ஓய்வுபெற்ற தையல்காரர், தச்சு வேலை தெரிந்த மாமாமார், பாய் இழைக்கத் தெரிந்த கிழக்கு மாகாணத்து உம்மாமார் யாராவது நம் பக்கம் இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். மொரட்டுவைப் பக்கம் தளபாடப் பட்டறை வைத்திருப்பவர்கள் வெட்டிக் கழித்த மென்மரத் துண்டுகளைத் தந்தால் பெரிய உதவி.

முதல் நாள் கத்தியோடு தொடங்குவதா, கத்தரிக்கோலோடு தொடங்குவதா என்பதில் பெற்றோரின் கருத்தையும் கீழே எழுதுங்கள். நான் கத்திக் கட்சி. என் கணவர் முதலுதவிப் பெட்டி வாங்கி வைத்துவிட்டார்.