பின் சீட்டின் வரலாறு

கண்டிப் பக்கம் எந்த கராஜில் போய் நின்றாலும் ஒரு வசனம் காதில் விழும்: "பாஸ், பின்னுக்கு அடிக்கிது." பதிலும் அநேகமாக ஒன்றுதான். பாஸ் ஒரு சாவியை எடுத்து ஷொக்கின் அடியில் இருக்கிற வளையத்தை ஒரு பல்லோ இரண்டு பல்லோ கூட்டிவிடுவார். "இறுக்கியிருக்கு, இப்ப சரி." ரெண்டு நாளைக்கு சரியான மாதிரித்தான் இருக்கும். பிறகு மடவளையிலிருந்து வத்தேகம ஏறுகிற ரோட்டில் ஒரு குழி வந்ததும் பின்னால் இருக்கிறவர் துள்ளுவார். ஓட்டுகிறவருக்கு அது அவ்வளவாகத் தெரியாது.

அந்த வளையத்தை இறுக்கினால் பைக் ஏன் திருந்துவதில்லை? இதற்குப் பதில் மெக்கானிக் புத்தகத்தில் இருப்பதைவிட வரலாற்றில் தெளிவாக இருக்கிறது. குலுக்கலைத் தாங்குவது ஒரு வேலை, அதை அடக்குவது வேறொரு வேலை. இந்த வித்தியாசத்தைப் பிடிக்க மோட்டார் சைக்கிள் உலகத்துக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்தது.

முதலில் இருந்து பார்ப்போம். 1885இல் ஜெர்மனியில் டைம்லரும் மேபாக்கும் செய்த முதல் பெற்றோல் இருசக்கர வண்டிக்கு சட்டமும் மரம், சில்லும் மரம். சஸ்பென்சன் என்ற பேச்சே இல்லை. மூன்று வருசம் கழித்து, 1888இல், பெல்ஃபாஸ்ட் நகரில் இருந்த டன்லொப் என்ற மிருக வைத்தியர் காற்றடைத்த டயருக்கு உரிமம் எடுத்தார். மகனின் மூன்று சில்லு சைக்கிளுக்காகத்தான் அவர் அதைச் செய்து பார்த்தார். மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்த முதல் சஸ்பென்சன் அந்த டயர்தான். இதை மறக்க வேண்டாம், பிறகு தேவைப்படும்.

அதற்குப் பிறகு பல வருசம் பின்பக்கம் அப்படியே கிடந்தது. முன் ஃபோர்க்குக்கு ஸ்பிரிங் வந்தது, ஓட்டுகிறவரின் சீட்டுக்குக் கீழே சுருள் ஸ்பிரிங் வந்தது. பின் சில்லை மட்டும் சட்டத்தோடு சேர்த்து இறுக்கியே வைத்தார்கள். அதாவது ஓட்டுகிறவருக்கு சீட்டில் கொஞ்சம் சொகுசு, பின்னால் இருக்கிறவருக்கு கேரியரில் கட்டின ஒரு பஞ்சுத் தலையணை. 1913இல் அமெரிக்காவின் 'இந்தியன்' கம்பனி லொறிக்குப் போடுகிற மாதிரியான தகட்டு ஸ்பிரிங்கை பின்பக்கம் வைத்து ஒரு பைக்கை விற்றது. 1928இல் இங்கிலாந்தில் பிலிப் வின்சென்ட் என்ற இளைஞர் தன்னுடைய பின் சஸ்பென்சன் வடிவத்துக்கு உரிமம் எடுத்தார். இருந்தும் மற்றக் கம்பனிகள் அந்தப் பக்கம் போக யோசித்தன. பின் சில்லு அசைந்தால் வளைவில் பைக் ஆடும் என்று ரேஸ் ஓட்டுகிறவர்கள் நம்பியது அதற்கு ஒரு காரணம். அந்தப் பயத்தில் நியாயமும் இருந்தது. ஸ்பிரிங் இருந்தது, ஆனால் அதை அடக்க சரியான ஆள் இல்லை.

ஸ்பிரிங்கின் குணம் இது: வாங்கிய அடியை அது விழுங்காது, திருப்பிக் கொடுத்துவிடும். குழியில் விழும்போது அமுங்குகிறது, வெளியே வந்ததும் அதே வேகத்தில் மேலே தள்ளுகிறது. அந்தத் தள்ளலை யாராவது பிடித்து மெதுவாக விட வேண்டும். அதுதான் டேம்பரின் வேலை. ஷொக்குக்குள்ளே ஒயில் இருக்கிறது. பிஸ்டன் அசையும்போது அந்த ஒயில் சின்னத் துவாரங்களால் நெருக்கிக்கொண்டு போக வேண்டும். அந்த நெருக்கடியில் அசைவு சூடாக மாறிப் போய்விடுகிறது. ஸ்பிரிங் பாரத்தைத் தாங்குகிறது, ஒயில் ஆட்டத்தை அடக்குகிறது. ஷொக் என்று நாங்கள் சொல்கிற ஒரு குழாய்க்குள் ரெண்டு பேர் வேலை செய்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போர் வந்தபோதும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் பேராதனைப் பூங்காவுக்கு வந்ததை எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் கதையாகச் சொல்வார்கள். அந்தக் காலத்து பிரிட்டிஷ் இராணுவத்தின் முக்கிய பைக்குகள் பி.எஸ்.ஏ. எம்20, நோர்ட்டன் 16எச் போன்றவை. எம்20 மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேலே செய்யப்பட்டது. இந்த ரெண்டுக்கும் பின் சஸ்பென்சன் கிடையாது. உலகம் முழுக்கப் போர்ச் செய்தி காவியவர்கள் அந்த அடியை முதுகெலும்பில் வாங்கிக்கொண்டுதான் ஓடினார்கள்.

போருக்கு முன்னும் பின்னும் சில அரைகுறைத் தீர்வுகள் வந்தன. சில்லின் அச்சு ரெண்டு பக்கமும் நேர்க் குழாய்களுக்குள் மேலும் கீழும் போகிற 'பிளஞ்சர்' முறை ஒன்று. 1938இல் பி.எம்.டபிள்யூ. அதைப் போட்டது, போருக்குப் பிறகு பி.எஸ்.ஏ.யும் போட்டது. ட்ரையம்ப் கம்பனி இன்னும் விசித்திரமாக, சில்லின் நடுக்குடத்துக்குள்ளேயே ஸ்பிரிங்கை அடைத்து வைத்தது. அதைச் சரியான கருவி இல்லாமல் கழற்றப் போனால் ஸ்பிரிங் வெடித்து ஆளை அடிக்கும். இவற்றில் சில்லு அசைகிற தூரமும் குறைவு, அநேகமானவற்றில் ஒழுங்கான டேம்பரும் இல்லை.

தீர்வு திரும்பவும் பெல்ஃபாஸ்டில் இருந்துதான் வந்தது. ரெக்ஸ் மெக்கண்ட்லஸ் முறையாகப் பொறியியல் படித்தவர் இல்லை, கைவேலையிலேயே கற்றுக்கொண்ட ஆள். போர்க் காலத்தில் அவர் தன்னுடைய சொந்த பைக்கை வைத்தே பரிசோதனை செய்தார். பின் சில்லை ஒரு கையில் பிடித்து, அந்தக் கை ஒரு அச்சில் மேலும் கீழும் ஆடுகிற மாதிரி வைத்தார். இன்று நாங்கள் சுவிங் ஆர்ம் என்று சொல்வது அதைத்தான். இது அவருடைய கண்டுபிடிப்பு இல்லை, அவருக்கு முன்னரே இருந்தது. அவர் செய்த பெரிய காரியம், அந்தக் கைக்கும் சட்டத்துக்கும் இடையில் காருக்குப் போடுகிற ஹைட்ரோலிக் ஷொக்கைக் கொண்டுவந்து நிறுத்தியது. ஸ்பிரிங்கோடு ஒயிலும் சேர்ந்தது.

நோர்ட்டன் கம்பனி அவருடைய சட்டத்தை எடுத்தது. ஓட்டிப் பார்த்த ஹரோல்ட் டேனியல் என்ற ரேஸ் வீரர் இறகு மெத்தையில் இருக்கிற மாதிரி இருக்கிறது என்றாராம். 'ஃபெதர்பெட்' என்ற பெயர் அப்படித்தான் ஒட்டியது. 1950இல் ஐல் ஒஃப் மேன் தீவின் சீனியர் டி.டி. பந்தயத்தில் ஜெஃப் டியூக் அந்த பைக்கில் வென்றார். பின் சில்லு அசைந்தால் பைக் ஆடும் என்ற பழைய பயம் அதோடு முடிந்தது. ஆட வைத்தது அசைவு இல்லை, அடக்கப்படாத அசைவு.

இது எங்கள் பக்கத்துக்கு எப்படி வந்தது? ரோயல் என்பீல்ட் கம்பனி 1948இல் சுவிங் ஆர்ம் போட்ட புல்லட்டை நீண்ட தூரப் போட்டிகளில் ஓட்டிக் காட்டி, அடுத்த வருசம் விற்பனைக்கு விட்டது. இந்திய இராணுவம் எல்லைக் காவலுக்கு அந்த புல்லட்டைக் கேட்டது. 1955இல் மெட்ராஸ் மோட்டர்ஸோடு கூட்டுச் சேர்ந்து 'என்பீல்ட் இந்தியா' உருவானது, திருவொற்றியூரில் ஆலை வந்தது. இங்கிலாந்தின் பெரிய பைக் கம்பனிகள் ஒவ்வொன்றாக மூடுப்பட்ட பிறகும், ரெண்டு பக்கமும் ரெண்டு ஷொக் வைத்த அந்த புல்லட்டைத் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் செய்துகொண்டே இருந்தார்கள்.

இலங்கையில் கதை வேறு. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு எங்கள் ரோடுகளை நிரப்பியது ஜப்பான். ஹொண்டா சீ.டி.125, சி50, சி90, குட்டிச் சில்லு சாலி என்று வாப்பாமாரின் இளமைக் காலப் போட்டோக்களில் நிற்கிற பைக்குகள் எல்லாம் அந்த வரவுதான். அதில் எம்.டி.90ஐ கொஞ்சம் கவனிக்க வேண்டும். அது ஜப்பான் தபால்காரர்களுக்காகச் செய்யப்பட்ட சிவப்பு பைக். அதன் பின்பக்கம் கடிதப் பெட்டி வைக்கிற கேரியர்தான், ஆள் இருக்கிற இடம் இல்லை. இங்கே வந்ததும் அந்தக் கேரியரைக் கழற்றி சீட் போட்டோம். உம்மா, பிள்ளை, சந்தைப் பை எல்லாம் ஏறியது. ஸ்பிரிங்குக்கு அந்தச் செய்தி போகவில்லை. அது இன்னமும் கடிதங்களைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில்தான் விசயத்தின் மையம் இருக்கிறது. ஒவ்வொரு பின் ஷொக்குக்குள்ளும் அதைச் செய்தவர் கற்பனை செய்த ஒரு ஆளும் ஒரு ரோடும் இருக்கிறது. 1973இல் யமஹா, பெல்ஜியத்தின் லூசியன் டில்கன்ஸ் யோசித்த ஒற்றை ஷொக் முறையை வைத்து 250 சீ.சீ. மோட்டோகுரொஸ் உலகப் பட்டத்தை வென்றது. இன்று இளைஞர்கள் விரும்புகிற மோனோ ஷொக் அந்த வழியில் வந்தது. அதன் கற்பனை ஆள் மண்மேட்டில் தனியாகப் பாய்கிற வீரன். பிறகு இந்தியாவிலிருந்து வந்த பஜாஜ் பைக்குகள் சிலவற்றில் ஸ்பிரிங்குக்குள் ஸ்பிரிங் வைத்தார்கள். அதன் கற்பனை ஆள் ஒரு குடும்பம். எங்கள் ஆள் யார்? பன்விலப் பக்கத்துக் கொங்ரீட் ஏற்றத்தில் 12.5 கிலோ காஸ் சிலிண்டரோடு ஏறுகிறவர். மஹியங்கனைப் பக்கம் பதினெட்டு வளைவு ரோட்டில் மனைவியோடும் பிள்ளையோடும் இறங்குகிறவர். அவரை மனதில் வைத்து யாரும் ஷொக் செய்யவில்லை. அவருக்காக அதைச் சரிப்படுத்துகிற வேலை கராஜுக்கு வந்து சேர்கிறது.

அந்த வேலையின் பெறுமதி அண்மையில் கூடியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது திரும்பத் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில். நடுவில் 2022இன் பெற்றோல் வரிசை, கியூ.ஆர். அட்டையில் பைக்குக்குக் கிழமைக்கு 4 லீற்றர். புது பைக் வராத அந்த ஐந்து வருசமும் பழைய பைக்குகள் பழைய ஷொக்கோடுதான் ஓடின.

சரி, "பின்னுக்கு அடிக்கிது" என்றால் என்ன செய்வது? வரலாறு வந்த ஒழுங்கிலேயே போய்ப் பாருங்க.

முதலில் டன்லொப். டயரில் காற்று கூடினாலும் அடிக்கும். தனியாக ஓட, ஆள் ஏற்றி ஓட என்று கம்பனி தனித்தனி அளவு சொல்லியிருக்கும். அது அநேகமாக செயின் மூடியிலோ கைநூலிலோ இருக்கும்.

இரண்டாவது ஸ்பிரிங். அந்த வளையத்தைக் கூட்டினால் ஸ்பிரிங் பலம் கூடுவதில்லை. பைக் நிற்கிற உயரம்தான் மாறுகிறது. வழமையாக ஏற்றுகிற பாரத்தோடு ஏறி இருந்தால், பின் ஷொக் மொத்தம் அசையக்கூடிய தூரத்தில் மூன்றில் ஒன்று அளவு இறங்கி நிற்பது பொதுவாக நல்லது. அதற்கு மேலே இறங்கினால் வளையத்தைக் கூட்டலாம். ரெண்டு ஷொக் இருந்தால் ரெண்டும் ஒரே பல்லில் இருக்க வேண்டும். கூட்டியும் போதவில்லை என்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது அந்தப் பாரத்துக்கு அது செய்யப்படவில்லை.

மூன்றாவது மெக்கண்ட்லஸ், அதாவது ஒயில். பைக்கின் பின்பக்கத்தை நன்றாக அழுத்திக் கையை எடுங்க. ஒருமுறை எழும்பி அடங்கினால் நல்லம். ரெண்டு மூன்று தரம் ஊஞ்சல் ஆடினால் டேம்பர் போய்ட்டு. ஷொக்கின் தண்டில் ஒயில் கசிந்து தூசு ஒட்டியிருந்தால் சந்தேகமே வேண்டாம். இந்த நிலையில் வளையத்தை இறுக்குவது 1913க்குத் திரும்பிப் போகிற வேலை. அடக்க ஆள் இல்லாத ஸ்பிரிங்கை இன்னும் அமுக்கி வைக்கிறோம், அவ்வளவுதான். மாற்றினால் ரெண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். கைதேர்ந்த பாஸ்மார் சிலர் சாதாரண ஒயில் ஷொக்கைத் திறந்து சீலும் ஒயிலும் மாற்றித் தருகிறார்கள். காஸ் அடைத்த ஷொக்கில் மட்டும் அந்த விளையாட்டு வேண்டாம். உள்ளே அழுத்தம் அதிகம், வெட்டினாலும் சூடாக்கினாலும் உயிருக்கே ஆபத்து.

நான்காவது, அதிகம் பேர் பார்க்காத இடம்: சுவிங் ஆர்ம் புஷ். பைக்கை நடு ஸ்டேண்டில் போட்டு பின் சில்லைப் பிடித்து இடம் வலமாக அசைத்துப் பாருங்க. 'டக் டக்' என்று ஆடினால் புஷ்ஷோ சில்லு பெயாரிங்கோ தேய்ந்திருக்கிறது. இது அடிக்கிற விசயம் இல்லை, விழுத்துகிற விசயம்.

இதில் சொகுசு மட்டும் பேசவில்லை. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது பைக்கின் பாரம் முன்னுக்குப் போய்விடும், பின் சில்லு ஏற்கெனவே லேசாகத்தான் நிலத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். டேம்பர் இல்லாமல் அது துள்ளினால், துள்ளுகிற அந்த நொடியில் பிரேக்கும் இல்லை, பிடிப்பும் இல்லை. எங்கள் ஊரில் வீட்டுக்குப் போகிற பாதி வழி இறக்கம்தான்.

பைக்கின் வரலாற்றை எழுதியவர்கள் எல்லோரும் முன் சீட்டில் இருந்தே எழுதினார்கள். ரேஸில் வென்றவர், உரிமம் எடுத்தவர், கம்பனி நடத்தியவர். பின்னால் இருந்தவர் எதையும் எழுதவில்லை. ஆனால் ஷொக்கைப் பற்றி அதிகம் தெரிந்தவர் அவர்தான், ஏனென்றால் அநேக பைக்குகளில் அவர் இருப்பது பின் சில்லுக்கு நேர் மேலே. அடுத்த தரம் கராஜுக்குப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்க. எங்கே அடிக்கிது, எத்தனை தரம் துள்ளுது, எந்த வளைவில் பயமாக இருக்குது என்று அவரே பாஸிடம் சொல்லட்டும்.